அம்மாவின் இடுப்பு மூட்டு மாற்று: வைத்தியரின் அனுபவத்தை எதைக் கொண்டு அளப்பது?

வன்னிமகள் கேட்டது:

வணக்கம். ஸ்காபரோவில் எங்களுடன் வசிக்கும் அம்மாவுக்கு 71 வயது. வலது இடுப்பு மூட்டின் குருத்தெலும்பு முற்றாகத் தேய்ந்துவிட்டதாக எக்ஸ்றேயில் தெரிகிறது. காலையில் கட்டிலை விட்டு எழும்பினால், முதல் நான்கைந்து அடி வைக்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். வலது காலுக்குச் சப்பாத்துப் போட இப்போது நான்தான் குனிய வேண்டியிருக்கிறது. மூட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குள்ள குழப்பம், யாரிடம் போவது என்பதுதான். ஒருவர் எங்கள் சனத்திடையே பெயர் பெற்றவர், இருபது வருடங்களுக்கு மேலாகச் செய்கிறார். ஆனால் அவரிடம் ஏறக்குறைய பத்து மாதம் காத்திருக்க வேண்டும். மற்றவர் மேற்பயிற்சி முடித்து மூன்று வருடங்களுக்கு முன்னர்தான் வேலையைத் தொடங்கியவர். நான்கு மாதத்தில் செய்யலாம் என்கிறார்கள். சத்திரசிகிச்சை நிபுணரின் அனுபவம் முடிவை உண்மையிலேயே மாற்றுமா, மாற்றுமென்றால் எவ்வளவு மாற்றும், அதை நான் எப்படிக் கேட்டறிவது என்பதை விடயம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். அம்மாவோ, "தலை நரைச்ச டொக்டர்தான் வேணும்" என்கிறார்.

இயன்மருத்துவர்_பிரம்ரன்:

மாற்றும். ஆனால் நரைத்த தலை சரியான அளவுகோல் அல்ல.

நீங்கள் இருக்கும் ஒன்ராறியோவிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2002 முதல் 2009 வரை இங்கே முதன்முறையாக இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்ட 37,881 பேரின் விபரங்களை எடுத்து, வயதும் மற்ற நோய்களும் ஒத்தவர்களைச் சோடி சேர்த்து ஒப்பிட்டு, 2014இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் கணக்கெடுத்தது சேவையாற்றிய வருடங்களை அல்ல. அந்தச் சத்திரசிகிச்சைக்கு முந்தைய 365 நாட்களில் அதே வைத்தியர் எத்தனை இடுப்பு மூட்டுகளை மாற்றியிருந்தார் என்பதைத்தான். அந்த எண்ணிக்கை 35ஐத் தாண்டாதவர்களிடம் செய்துகொண்டோரில் 1.9 வீதமானவர்களுக்கு மூட்டு விலகியது, அதாவது புதிய மூட்டின் பந்து தன் கிண்ணத்தை விட்டு வெளியே வந்தது. அதைவிட அதிகமாகச் செய்தவர்களிடம் அது 1.3 வீதம். இரண்டு வருடங்களுக்குள் மீண்டும் திறந்து திருத்த வேண்டிவந்தவர்கள் முறையே 1.5 வீதமும் 1.0 வீதமும்.

அமெரிக்காவில் முதியோர் காப்புறுதித் திட்டத்தில் இருந்தவர்களைக் கொண்டு 1990களின் நடுப்பகுதிக்குச் செய்த கணக்கில் இடைவெளி இன்னும் பெரிது. அத்திட்டத்தில் வருடத்துக்கு ஐந்தோ அதற்குக் குறைவாகவோ செய்தவர்களின் நோயாளிகளில் 4.2 வீதமானோருக்கும், ஐம்பதுக்கு மேல் செய்தவர்களின் நோயாளிகளில் 1.5 வீதமானோருக்கும் மூட்டு விலகியது.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். ஒன்ராறியோக் கணக்கின்படி, ஆயிரம் பேரில் பத்தொன்பது பேருக்கு வந்தது பதின்மூன்று பேருக்கு வருகிறது. குறைவாகச் செய்பவரிடம் போனாலும் மிகப் பெரும்பாலானோருக்கு மூட்டு விலகுவதேயில்லை. 35 என்பது மந்திர எண்ணும் அல்ல. கைராசிக்காரரிடம் ஆட்கள் தாமாகவே போய்ச் சேருவதால் அவருடைய எண்ணிக்கை கூடுகிறதா, எண்ணிக்கை கூடியதால் கை தேர்ந்ததா என்பதை இத்தகைய கணக்குகளால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது. என் அனுமானம், இரண்டும் கலந்தே இருக்கும்.

ஆகவே இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "கடந்த பன்னிரண்டு மாதங்களில் எத்தனை இடுப்பு மூட்டுகள்?" முழங்காலையும் சேர்த்துச் சொன்னால் பிரித்துச் சொல்லும்படி கேளுங்கள். இருபது வருடப் பெயருள்ளவர் இப்போது பெரும்பாலும் முழங்கால்தான் செய்கிறார் என்றால் கணக்கு வேறாகிவிடும்.

மார்க்கம்_சிவா:

என் அப்பாவுக்குச் செய்தவர் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் செய்பவர். ஊரும் பேரும் வேண்டாம். அப்படியிருந்தும் ஐந்தாவது கிழமையில் மூட்டு விலகியது.

எங்கள் வீட்டு வரவேற்பறையில் பழைய சோபா ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்துவிடும் அளவுக்குப் பதிவானது. அதில் இருந்தபடியே, கீழே விழுந்த தொலைக்காட்சி ரிமோட்டை எடுக்க அப்பா வலப்பக்கமாகக் குனிந்தார். சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. "கால் கழன்டு போச்சு" என்று மட்டும் சொன்னார். பார்த்தால் அந்தக் கால் மற்றதைவிடக் கட்டையாகி, பாதம் உட்பக்கம் திரும்பியிருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் மயக்கம் கொடுத்து இழுத்துச் சரிசெய்தார்கள். மீண்டும் வெட்ட வேண்டி வரவில்லை.

எங்கள் தவறும் இதில் உண்டு. பின்புற வழியாக, அதாவது இடுப்பின் பின்பக்கம் திறந்து செய்தவர்களுக்கு இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடிக்கக் கூடாது, காலுக்கு மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உட்பக்கம் திருப்பக் கூடாது என்று எழுதித் தந்திருந்தார்கள். அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியபடி இருந்தது. சோபாவை யாரும் மாற்றவில்லை. அதனால், எந்த வழியால் திறப்பார் என்பதையும் கேளுங்கள். முன்புற வழி நல்லது என்று சொல்வோர் உண்டு. ஆனால் அதைப் புதிதாகக் கற்பவரின் முதல் சில பத்து நோயாளிகளுக்குச் சிக்கல் கூடுதலாக வருகிறது என்பதால், அந்தக் குறிப்பிட்ட வழியில் அவர் எத்தனை செய்தார் என்பதே கேட்க வேண்டிய எண்.

இன்னொன்று. பயிற்சி வைத்தியசாலையாக இருந்தால், கத்தி யாருடைய கையில் இருக்கும் என்பதையும் கேளுங்கள். அதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை.

பழைய_தாதி:

மகள், நான் இங்கிலாந்தில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் பல வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்றவள். எண்ணிக்கை கூடினால் கை ஏன் திருந்துகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நோயாளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் துணியால் மூடிய பிறகு, இடுப்பெலும்பு மேசையில் எப்படிச் சாய்ந்து கிடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அந்த நிலையில்தான் புதிய கிண்ணத்தை எலும்புக் குழிக்குள் அடித்து இறுக்க வேண்டும். 1978 முதல் பாடமாகச் சொல்லப்படும் கணக்கு, கிண்ணம் 40 பாகை சரிந்தும் 15 பாகை முன்நோக்கியும் இருக்க வேண்டும், இரண்டிலும் பத்துப் பாகை கூடிக் குறையலாம் என்பது. அந்த எல்லைக்குள் இருந்தும் மூட்டு விலகியவர்களைக் கண்டிருக்கிறோம் என்பது வேறு கதை. அடிக்கும்போது இடுப்பு முன்பக்கம் உருண்டுவிட்டால், சரியென்று நினைத்த கோணம் பிழைத்துவிடும். நிறையச் செய்தவர் சுத்தியலை வைத்துவிட்டு இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். அடிக்கும் ஓசை மாறுவதிலிருந்தே, தொடை எலும்புக்குள் இறக்கும் தண்டு இறுகிவிட்டதை உணர்வார். அதற்குமேல் ஓங்கி அடித்தால் தொடை எலும்பு வெடிக்கும். காலின் நீளத்தைச் சரிபார்ப்பதும் இப்படிக் கைப்பழக்கமே. பக்கத்தில் நிற்கும் தாதிக்கும் அதே பழக்கம் வேண்டும். அடுத்த கருவி எது என்று கேட்காமலே நீட்டத் தெரிந்த குழுவில் காயம் திறந்திருக்கும் நேரம் குறையும். இயன்மருத்துவர் மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கை நானும் படித்திருக்கிறேன். அதில் மூட்டு விலகல் வைத்தியரைப் பொறுத்தும், இறப்பு வைத்தியசாலையைப் பொறுத்தும் வேறுபட்டது எனக்கு வியப்பளிக்கவில்லை. வருடத்துக்கு நூற்றுக்கு மேல் செய்த இடங்களில் இறப்பு 0.7 வீதம், பத்தோ அதற்குக் குறைவாகவோ செய்த இடங்களில் 1.3 வீதம். ஆகவே வைத்தியசாலையின் எண்ணிக்கையையும் கேளுங்கள்.

இது புதிய ஞானமும் அல்ல. 1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைற்றிங்ரன் வைத்தியசாலையில் இன்றைய முறைக்கு அடித்தளமிட்ட ஜோன் சார்ன்லி, தன்னிடம் வந்து செய்முறையைப் பழகாதவர்களுக்குத் தன் மூட்டை விற்க ஆரம்பத்தில் விடவில்லை. அதற்கு முன்னர் அவர் வைத்த ரெஃப்லோன் கிண்ணங்கள் சில வருடங்களிலேயே தேய்ந்துபோய், தன் நோயாளிகளையே மீண்டும் திறக்க வேண்டி வந்தது. பட்டவர் என்பதால் கவனமாக இருந்தார்.

இங்கிலாந்தில் 2003 முதல் தேசியப் பதிவேடு இருப்பதால், எந்த வைத்தியர் எத்தனை செய்தார் என்பதை இணையத்திலேயே பார்க்கலாம். உங்களுக்கு நேரில் கேட்பதுதான் எளிது.

இயன்மருத்துவர்_பிரம்ரன்:

காத்திருப்பையும் தராசில் வைக்க வேண்டும். அவசரமற்ற மூட்டு மாற்றுக்கு ஒன்ராறியோ வகுத்த இலக்கு 182 நாட்கள். பத்து மாதம் அதைத் தாண்டிவிடுகிறது. சுவரைப் பிடித்து நடக்கும் ஒருவரின் தொடைத் தசை அந்த மாதங்களில் மெலிந்துகொண்டே போகும். மூட்டை மாற்றிய பின் எழுந்து நடக்க உதவப்போவதும் அதே தசைதான். இரண்டு பேரும் போதிய எண்ணிக்கையில் செய்பவர்களாக இருந்தால், நான் முந்திய நாளைத்தான் எடுப்பேன்.

வன்னிமகள்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். பெயர் பெற்றவரின் அலுவலகத்தில், எண்ணிக்கையை நேரில் வரும்போதுதான் கேட்கலாம் என்றார்கள். இளையவரைச் சந்தித்தோம். நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும், கடந்த வருடம் இடுப்பு மட்டும் தொண்ணூறுக்குச் சற்று மேல், எல்லாம் பின்புற வழி, பயிற்சி வைத்தியர் கூட நிற்பார் ஆனால் கிண்ணத்தையும் தண்டையும் தானே வைப்பேன் என்று முகம் சுளிக்காமல் சொன்னார். பிறகு அம்மாவிடம், கோயிலில் நிலத்தில் உட்காருவீர்களா என்று அவராகவே கேட்டார். வெளியே வந்ததும் அம்மா, "சின்னப் பொடியன்தான், ஆனா கேட்கவேண்டியதைக் கேட்கிறான்" என்றார். திகதி கொடுத்துவிட்டார்கள்.

சிவா அண்ணா, எங்கள் வீட்டுச் சோபாவும் நீங்கள் சொன்ன மாதிரித்தான் பதிவானது. அம்மாவுக்கு இருக்கை எத்தனை அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படி அளந்து சொன்னார்கள்? கழிப்பறை இருக்கையை உயர்த்தும் பொருளை முன்கூட்டியே வாங்கி வைப்பதா, அல்லது வைத்தியசாலையில் தருவார்களா?