செயின்சா வாங்கணும்: ஸ்பிரிங்கா, ரப்பர் புஷ்ஷா? போல்ட் வேற கழன்று விழுது

முந்திரிக்காடு:
பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு. வயசான மரத்தை எடுத்துட்டு ஒட்டுக்கன்னு வைக்கிறோம். கையில இருக்கிறது பேர் தெரியாத கம்பெனியோட 58 சிசி செயின்சா (மரம் அறுக்கிற மெஷின்). அரை டேங்க் ஓட்டினாலே விரல் மரத்துப்போகுது, சாயங்காலம் சட்டைப் பட்டன் போட வரல. சைலன்சர் போல்ட் வேற கழன்றுகிட்டே இருக்கு. ஸ்டில் எடுக்கவா, ஹஸ்க்வர்ணா எடுக்கவா?

பட்டறைக்காரன்:
தம்பி, பிராண்டை அப்புறம் பாத்துக்கலாம். இன்ஜினும் பாரும் (சங்கிலி ஓடுற நீளத் தகடு) ஒரு துண்டு, கைப்பிடியும் டேங்கும் இன்னொரு துண்டு. நடுவுல அதிர்வைத் தாங்க ரப்பர் புஷ் இருக்கா, ஸ்பிரிங் இருக்காங்கிறதுதான் விஷயம். ஸ்டில் 044, 066 மாதிரி பழசுல ரப்பர். 441, 362 வந்தப்ப ஸ்பிரிங்குக்கு மாறிட்டான். ஹஸ்க்வர்ணா 372ல ஸ்பிரிங்தான். ரப்பர் வச்சதுல மெஷின் விறைப்பா நிக்கும், நினைச்ச இடத்துல வெட்டு விழும். ஆனா பெட்ரோலும் ஆயிலும் பட்டுப்பட்டு ஊதிப் பிஞ்சிரும். ஸ்பிரிங்ல அதிர்வு நல்லாவே குறையும். பார் மாட்டிக்கிட்டா கைப்பிடியைப் பிடிச்சு நெம்புறான் பாருங்க, அங்கதான் ஸ்பிரிங் போகும். ஆப்பு அடிச்சு எடுங்க.

கடையிலயே சோதிக்கலாம். இன்ஜினை ஆஃப் பண்ணி, பார் முனையைக் கட்டையில ஊனி, பின்கைப்பிடியைப் பக்கவாட்டுல தள்ளுங்க. லேசா அசையணும், இரும்பு இரும்புல இடிக்கக் கூடாது.

மேனுவல்ல இடதுகை, வலதுகைக்குத் தனித்தனியா அதிர்வு போட்டிருப்பான். ஐரோப்பாவுல 8 மணி நேரச் சராசரி 2.5 மீ/வி² தாண்டினாலே முதலாளி ஏதாவது செஞ்சாகணும், 5 தாண்டவே கூடாதுன்னு சட்டம். நம்மூர்ல யாரு பாக்குறா!

போல்ட் கதை: ஸ்டில்ல பெரும்பாலும் டி27 ஸ்டார் கீ ஒண்ணே போதும். பழைய 372ல 4 மி.மீ. ஆலன். எதுவா இருந்தாலும் குழியில தூளும் ஆயிலும் சேர்ந்து கெட்டியாயிரும். முந்திரிப் பிசினும் சேர்ந்தா கேக்கவே வேணாம். கோணி ஊசியால நோண்டி எடுத்துட்டு கீயை முழுசா இறக்குங்க, இல்லன்னா தலை வழுக்கிரும். பிளாஸ்டிக்ல ஏறுற ஸ்க்ரூவை முதல்ல இடதுபக்கமா மெதுவாத் திருப்புங்க. ‘டக்’னு பழைய மரையில இறங்கினதும் முறுக்குங்க. எடுத்ததுமே வலதுபக்கம் முறுக்கினா புது மரை வெட்டி பாடி வீணாயிரும்.

சைலன்சர் சூட்டுக்கு சாதாரண நீல லாக்டைட் (மரையில போடுற பசை) தாங்காது. புது லாக் வாஷர் போட்டு, ஒரு தடவை சூடேற ஓட்டி, ஆறினதும் மறுபடி இறுக்குங்க. மெக்னீசியம் பாடிங்கிறதால பலத்தைக் காட்ட வேணாம். மரை பிடுங்கிக்கிச்சுன்னா ஹெலிகாயில் (புது மரையா உள்ள செருகுற கம்பிச்சுருள்) போடவேண்டியதுதான்.

சவுக்குத்தோப்பு:
அண்ணே சொல்றது சரி, ஆனா சங்கிலியை விட்டுட்டீங்க. ஒரு பக்கப் பல் மழுங்கியிருந்தாலோ, டெப்த் கேஜை (பல்லுக்கு முன்னாடி இருக்கிற மேட்டை) ஒரேயடியா ராவியிருந்தாலோ எந்த மெஷினும் உதறும். அந்த மேடு பல்லை விட 0.65 மி.மீ. இறக்கமா இருந்தாப் போதும். அப்புறம், பார் நட்டு கவர்லயே மாட்டி நிக்கிற மாடலாப் பாருங்க. ஸ்டில் 261, ஹஸ்க்வர்ணா 550ல அப்படித்தான். சருகுல விழுந்த நட்டைத் தேடினவனுக்குத்தான் அருமை தெரியும்.

முந்திரிக்காடு:
தள்ளிப் பாத்தேன் அண்ணே, இடிக்குது. முன்பக்க ரப்பர் ரெண்டா கிழிஞ்சிருக்கு. அதை மாத்தினாப் போதுமா?

பட்டறைக்காரன்:
எல்லா புஷ்ஷையும் ஒண்ணா மாத்துங்க, ஒண்ணு மட்டும் புதுசா இருந்தா பாரம் அதுமேலயே வரும். அதுக்கப்புறமும் கை மரத்தா 261 மாதிரி ஸ்பிரிங் வச்சதுக்குப் போங்க. விரல் நுனி வெளுத்துப்போனா மெஷினை வச்சுட்டு டாக்டரைப் பாருங்க.