கியாலாமி மேட்டில் முன்சக்கரம் லேசாகிறது: விங்லெட்டின் கோணத்தை இன்னும் கூட்டலாமா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் 1000 சிசி பந்தய பைக்கின் ஃபேரிங்கில் (முன்பக்க வெளிக்கூட்டில்), இரு பக்கமும், கண்ணாடியிழையால் நாங்களே செய்த தட்டையான விங்லெட்டுகளை, அதாவது முன்சக்கரத்தைக் கீழே அழுத்தும் சிறு இறக்கைகளை, பொருத்தியிருக்கிறோம். கேப்டவுனின் கில்லார்னி பந்தயத் தடத்தில் 8 பாகைக் கோணத்தில் அவை நன்றாகவே வேலை செய்தன. ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கியாலாமி பந்தயத் தடத்தில், மேட்டின் உச்சியைக் கடக்கும்போது முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் உதறுகிறது. காற்று மெலிந்திருப்பதே காரணம் என்று எண்ணிக் கோணத்தை 25 பாகையாக உயர்த்தினோம். உதறல் நிற்கவில்லை, நேர்பாதை வேகமும் குறைந்துவிட்டது. ஓட்டுபவன் என் அக்காள் மகன் என்பதால், அடுத்த பயிற்சி நாளுக்கு முன் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும். இன்னும் பெரிய விங்லெட் செய்யலாமா?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அண்ணா, பெரிதாகச் செய்ய வேண்டாம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 14 விழுக்காடு குறைவதால், இறக்கையின் கீழ்நோக்கு விசையும் அதே அளவு குறையும் என்பது சரிதான். ஆனால் எஞ்சினும் அதே மெலிந்த காற்றைத்தான் உறிஞ்சுகிறது. அதன் திறனும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கிவிடும். பைக்கின் எடை மட்டும் குறையாது. அப்படியானால் சமதளத்தில் முன்சக்கரம் தூக்கும் போக்கு குறையத்தான் வேண்டும்.

கில்லார்னி தட்டையானது, கியாலாமி ஏற்ற இறக்கம் நிறைந்தது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. மேட்டின் வளைவு ஆரம் 1,000 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், மணிக்கு 230 கிலோமீட்டரில் அதைக் கடக்கும் பைக்கின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தரை உணராது. ஓட்டுநரோடு சேர்த்து 250 கிலோ என்றால், அது 100 கிலோ. டுகாட்டி நிறுவனம் 2020 இல் தன் பனிகாலே வி4 பைக்கின் இறக்கைகளுக்குச் சொன்ன அளவே மணிக்கு 270 கிலோமீட்டரில் 30 கிலோதான்; விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 230 இல் அது 22 கிலோவாகிவிடும். உங்கள் தட்டையான விங்லெட்டுகள் அதைவிடக் குறைவாகவே தரும். உச்சியில் தம்பி த்ராட்டிலைச் சற்றே தளர்த்தி, மார்பை டேங்கோடு ஒட்டி முன்னால் சாய்ந்து கடக்கட்டும். ஹேண்டில்பார் உதறலை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பரையும் சோதித்துப் பாருங்கள்.

பதில் (ஜோகன்னஸ்பர்க்)

மேலே சொல்லியிருப்பதை முழுமையாக ஏற்கிறேன். 25 பாகையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். கீழ்நோக்கு விசை தரும் இறக்கையில் காற்று உறிஞ்சி இழுப்பது அடிப்பக்கத்தில்தான். தட்டையான பலகையை அவ்வளவு சாய்த்தால், அடிப்பக்கத்துக் காற்று பலகையை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும். விசை எதிர்பார்த்தபடி கூடாது, ஆனால் இழுவை ஏறும். அந்த இழுவை தரையிலிருந்து உயரத்தில் பின்னோக்கித் தள்ளுவதால், முன்சக்கரத்தின் சுமையில் ஒரு பகுதியைப் பின்சக்கரத்திற்கு மாற்றிவிடுகிறது. நீங்கள் சேர்க்க நினைத்த பாரத்தை, நீங்கள் கூட்டிய கோணமே திருப்பி எடுத்துக்கொள்கிறது என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

அடிப்பக்கத்தில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, ஒரு சிறு கேமராவை அதை நோக்கி வைத்து ஓடச் சொல்லுங்கள். நூல்கள் நேராகப் பின்னோக்கிக் கிடந்தால் காற்று ஒட்டியிருக்கிறது. துள்ளினாலோ முன்னோக்கித் திரும்பினாலோ பிரிந்துவிட்டது. 8 பாகையிலிருந்து இரண்டிரண்டாகக் கூட்டிப் பாருங்கள். விங்லெட்டைப் பிடித்திருக்கும் தாங்கிகள் வேகத்தில் வளைகின்றனவா என்பதையும் அதே படத்தில் காணலாம். கையால் செய்த கண்ணாடியிழையில் அது அடிக்கடி நேர்வது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நாங்கள் நூல் ஒட்டியது மேற்பக்கத்தில். அங்கே எல்லாம் நேராக இருந்ததால் ஏமாந்துவிட்டோம். விங்லெட்டுகளை 8 பாகைக்குத் திருப்பி, அடிப்பக்கத்தில் நூல் ஒட்டியாயிற்று. டேம்பரைத் திருகிப் பார்த்தால் எந்த அமைப்பிலும் எதிர்ப்பு மாறவில்லை, எண்ணெய் கசிந்திருக்கிறது. சீல் வாங்கி மாற்றிய பிறகுதான் அவனைப் பைக்கில் ஏறவிடுவேன்.