சி++இல் எழுது(பட்டியல்.சைஸ்()): மேக்கில் மட்டும் ஆம்பிகியஸ் எரர். ஓவர்லோடா, டெம்ப்ளேட்டா?

நிரல்வாணன்: எழுது() என்று ஒரே பேரில் நாலு ஃபங்ஷன் (ஓவர்லோட்), டைப் மட்டும் வேறு: இன்ட்32_டி, யூஇன்ட்32_டி, இன்ட்64_டி, யூஇன்ட்64_டி (எண் பிட் அளவு; யூ என்றால் அன்சைன்ட், மைனஸ் கிடையாது). பட்டியல்.சைஸ்() தரும் சைஸ்_டி டைப்பைக் கொடுத்தால் 64 பிட் லினக்ஸில் கம்பைல் ஆகிறது, மேக்கில் ஆம்பிகியஸ், அதாவது எந்த ஓவர்லோட் என்று தெரியவில்லை என்கிறது. சைஸ்_டிக்குத் தனி ஓவர்லோட் சேர்த்தால் மேக் சரி, லினக்ஸில் ரீடெஃபினிஷன் (அதே ஃபங்ஷன் ரெண்டு தடவை) எரர். என்ன செய்யலாம்?

கணியன்77: மேக்கில் யூஇன்ட்64_டி என்பது அன்சைன்ட் லாங் லாங், சைஸ்_டி வெறும் அன்சைன்ட் லாங். ரெண்டும் 8 பைட்தான், ஆனா கம்பைலருக்கு வேற வேற டைப். லாங்கை இன்ட் ஆக்குறதும் லாங் லாங் ஆக்குறதும் ஒரே ரேங்க் கன்வர்ஷன் (டைப் மாற்றம்). அகலமான டைப்புக்கு முன்னுரிமைன்னு விதியே கிடையாது. 64 பிட் லினக்ஸில் ரெண்டும் அன்சைன்ட் லாங், அதனால தப்பிச்சீங்க. விண்டோஸில் சைஸ்_டி ஓடும், ஆனா டிவேர்டு (அங்கே அன்சைன்ட் லாங்) கொடுத்துப் பாருங்க, அதே எரர்.

அடிப்படை டைப்புக்கே எழுதுங்க: இன்ட், லாங், லாங் லாங், மூணுக்கும் அன்சைன்ட். ஆறு. எண்ணை எழுத்தாக்கும் எஸ்டிடி::டு_ஸ்ட்ரிங்கிலும் முழு எண்ணுக்கு இதே ஆறுதான். சார் (ஒரு எழுத்து), ஷார்ட் மாதிரி சின்ன டைப் எல்லாம் ப்ரமோஷனில் தானாவே இன்ட்டுக்குப் போயிடும்.

சுட்டிப்பையன்: அந்த ப்ரமோஷன்தான் ஆபத்து. எழுது('+') என்றால் 43 என்று 4 பைட் சத்தமில்லாம ஃபைலுக்குப் போகும். சி++20இல் எஸ்டிடி::இன்டக்ரல் (முழு எண் டைப் மட்டும்னு நிபந்தனை) போட்டு எல்லா டைப்புக்கும் ஒரே டெம்ப்ளேட், உள்ளே பைட் அளவுக்கு சைஸ்ஆஃப். முடிஞ்சது.

கணியன்77: முடியலை. இன்டக்ரலில் பூலும் (ட்ரூ/ஃபால்ஸ்) சாரும் வரும். வெறும் சார் எக்ஸ்86இல் சைன்ட், ஆர்ம் லினக்ஸில் அன்சைன்ட். சைன்டா இல்லையான்னு சைன்ட்_இன்டக்ரல் வச்சுப் பிரிச்சீங்கன்னா ஒரே கோட் ரெண்டு இடத்துல ரெண்டு பாதையில போகும்.

சுட்டிப்பையன்: ஒத்துக்கறேன், ஆனா அதுக்கு வழி இருக்கு. சார், சைன்ட் சார், அன்சைன்ட் சார் மூணும் தனித்தனி டைப். எழுது(சார்) = டிலீட் (கூப்பிட்டா எரர்) என்று டெம்ப்ளேட் இல்லாத ஓவர்லோட் வச்சா வெறும் சார் மட்டும் அதில் மாட்டும்; யூஇன்ட்8_டி டெம்ப்ளேட்டுக்கே போகும். பூலை டெம்ப்ளேட்டோட ரிக்வையர்ஸ் நிபந்தனையில் விலக்குங்க, அதுவும் சாருக்கு கன்வர்ட் ஆகி அதே டிலீட்டில் விழும். பூலுக்குத் தனியா டிலீட் ஓவர்லோட் வேண்டாம். அப்படி வச்சுட்டுப் பின்னாடி எஸ்டிடி::ஸ்ட்ரிங் ஓவர்லோட் சேர்த்தா, "வணக்கம்" மாதிரி லிட்டரல் ஸ்ட்ரிங்கை விட்டுட்டு பூலைத்தான் தேடிப் போகும்.

யாழ்நிரல்: ரெண்டு பேரும் கம்பைல் ஆனா போதும்னு பேசறீங்க. லாங் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4. ஆறு ஓவர்லோடோ சைஸ்ஆஃபோ, ஒரு மெஷினில் எழுதின ஃபைலை இன்னொண்ணில் படிச்சா அதுக்குப் பிறகு வர்ற ஒவ்வொரு ஃபீல்டும் 4 பைட் தள்ளி நிற்கும். பேரிலேயே அளவு வையுங்க: எழுது_யூ32, எழுது_யூ64.

சுட்டிப்பையன்: வெக்டர்<டி>யைப் பொதுவா எழுத ஓவர்லோட் வேணுமே?

யாழ்நிரல்: வேணும்னா அதை மேல ஒரு அடுக்கில் வச்சு, இன்ட்32_டி மாதிரி பேரில் அளவு இருக்கிற இன்ட்N_டி டைப்பை மட்டும் எஸ்டிடி::சேம்_ஆஸில் (அச்சா அதே டைப்பான்னு பார்க்கும்) அனுமதிங்க. மேக்கில் லாங் வந்தா எரர்தான் வரும். வரட்டும், எத்தனை பைட்னு கூப்பிடறவர் முடிவு பண்ணட்டும். ஒண்ணு மட்டும்: எழுது_யூ32க்கு சைஸ்_டி கொடுத்தா மேல் 32 பிட் வெட்டுப்படும். கன்வர்ஷன் வார்னிங்கை எரரா மாத்தி வையுங்க.

நிரல்வாணன்: ஃபைல் ஃபார்மட்தான். எழுது_யூ64க்கு மாத்தறேன். லாக் பக்கம் டிலீட் வச்ச டெம்ப்ளேட்.