ஹீல்ட்ஸ்பர்க் வெகேஷன் ரென்டல் ஷூட்: ஜன்னலுக்கு வெளிய எல்லாம் வெள்ளையா போயிடுது

கேமராகிறுக்கன்:
வணக்கம் மக்களே. கலிஃபோர்னியால சோனோமா கவுன்ட்டி ஹீல்ட்ஸ்பர்க் பக்கம் தெரிஞ்சவங்க ஒரு வீடு வாங்கி வெகேஷன் ரென்டலா விடப்போறாங்க, லிஸ்டிங் போட்டோ என்னை எடுக்கச் சொல்லியிருக்காங்க. ஹால்ல பெரிய கண்ணாடிக் கதவு, தாண்டினா நேரா திராட்சைத் தோட்டம், அதுக்காகத்தான் ஆளுங்க வரப்போறதே. ஆனா ரூமுக்கு எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) வச்சா வெளிய வெள்ளைவெளேர்னு ஆயிடுது, வெளிய சரி பண்ணா சோஃபா இருட்டுல கிடக்கு. ஹெச்டிஆர் (வேற வேற வெளிச்சத்துல எடுத்ததை ஒண்ணா சேக்கறது) போட்டா கதவு ஃப்ரேம் சுத்தி அழுக்கு மாதிரி சாம்பலா வருது. 16-35 எம்எம் லென்ஸ், ட்ரைபாட், ஒரு ஃப்ளாஷ் இருக்கு. எந்த நேரத்துக்குப் போகலாம்? ட்ரோன் ஷாட்டும் கேக்குறாங்க, என்னோடது 249 கிராம்தான், லைசென்ஸ் வேண்டாம்ல?

நிழல்வெளிச்சம்:
ப்ரோ, ஹெச்டிஆரை மட்டும் நம்பாதீங்க, விண்டோ புல் பண்ணுங்க, அதாவது ஜன்னல் காட்சியை தனியா எடுத்து ரூம் படத்துல சேக்கறது. ட்ரைபாடை அசைக்காம முதல்ல ரூமுக்கு ஒண்ணு, அப்புறம் தோட்டம் சரியா தெரியற எக்ஸ்போஷர்ல கதவு பக்கம் ஃப்ளாஷ் அடிச்சு இன்னொண்ணு. ஃப்ளாஷ் பட்டு ஃப்ரேம் பளிச்சுனு ஆயிடும், ஃபோட்டோஷாப்ல அதை மேல வச்சு டார்க்கன் மோட் (ரெண்டு படத்துல எது இருட்டோ அதை மட்டும் காட்டும்) போட்டா கண்ணாடி இருக்கற இடத்துல மட்டும் தோட்டம் வந்து உக்காரும், அந்த சாம்பல் தொல்லையே இருக்காது. ஃப்ளாஷ் கண்ணாடில தெரிஞ்சா கொஞ்சம் சைடுக்கு நகர்த்துங்க. லென்ஸ் திறப்பு எஃப்8, கேமரா நெஞ்சு உயரம், செங்குத்துக் கோடெல்லாம் நேரா இருக்கணும். லென்ஸை 16 எம்எம்முக்கு விரிக்கவே விரிக்காதீங்க, சின்ன ரூம் மண்டபம் மாதிரி தெரியும், வந்து பாக்கறவங்க கடுப்பாகி ரிவ்யூல திட்டுவாங்க, 20-24 போதும்.

மூடுபனி:
நேரம்னா, அங்க கோடைல காலைல ரஷ்யன் ரிவர் ஆத்துப் பக்கமிருந்து மூடுபனி ஏறி நிக்கும், அது கலையற வரைக்கும் தோட்டம் மங்கலாத்தான் இருக்கும். அதனால தோட்டம் தெரியாத ரூமையெல்லாம் காலைல முடிச்சிட்டு, தோட்டம் தெரியற ஹாலை பனி கலைஞ்சப்புறமும் வெளி ஷாட்டை சாயந்திரமும் வச்சுக்கோங்க, சாய்வு வெயில்ல வரிசை வரிசையா கொடி நிக்கறது தனியா தெரியும். மாசமும் முக்கியம்ங்க. ஜனவரில போனா மொட்டைக் கட்டைதான், பிப்ரவரி வாக்குல நடுவுல கடுகுப் பூ மஞ்சளா பூத்திருக்கும், அதுவும் அழகு. ஆனா கவர் போட்டோவுக்கு இலை நல்லா விட்ட மே, ஜூன்தான் என் ஓட்டு. இன்னொண்ணு, தோட்டம் பக்கத்து ஆளோடதுனா கேப்ஷன்ல 'வியூ'ன்னே போடுங்க, கெஸ்ட் உள்ள இறங்கி நடந்துடப் போறாங்க.

பறவைப்பார்வை:
ட்ரோன் விஷயத்துல உஷார் அண்ணா. 250 கிராமுக்குக் கீழ சலுகையெல்லாம் பொழுதுபோக்குக்குப் பறக்க விட்டாத்தான். வாடகை லிஸ்டிங்குக்கு எடுத்தா, காசு வாங்கலைன்னாலும் எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) குடுக்கற பார்ட் 107 ட்ரோன் பைலட் சர்டிஃபிகேட் வேணும், ட்ரோனையும் ரெஜிஸ்டர் பண்ணணும். உயரம் அதிகபட்சம் 400 அடி. சோனோமா கவுன்ட்டி ஏர்போர்ட்டைச் சுத்தி கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ் (அனுமதி இல்லாம பறக்கக் கூடாத வான்பகுதி), அந்த வீடு அதுக்குள்ள வருதான்னு மேப்ல பாருங்க, வந்தா முன்கூட்டியே அனுமதி வாங்கணும். காலைல ஹாட் ஏர் பலூன் கண்ணுல பட்டா உடனே இறக்கிடுங்க, ஆள் இருக்கற பலூனுக்கு நாமதான் வழி விடணும்.

கேமராகிறுக்கன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்போ ட்ரோனை அந்த சர்டிஃபிகேட் வச்சிருக்கறவர்கிட்ட குடுத்துடச் சொல்றேன். டார்க்கன் மோட் விஷயம் இன்னிக்கே வீட்டு ஜன்னல்ல ட்ரை பண்றேன்.