வைப்பு வட்டியில் வெட்டிய வரியைத் திருப்பி எடுக்க வழி இருக்கிறதா?

நல்லூர்ப் பிள்ளை:
அம்மாவின் பெயரில் 45 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பில் கிடக்கிறது, வட்டி 8 வீதம். இங்கே இலங்கையில் 2025 ஏப்ரலில் இருந்து 10 வீத வரியை வெட்டிவிட்டுத்தான் வட்டியைப் போடுகிறார்கள். மார்ச் வரைக்கும் 36,000 ரூபாய் போய்விட்டது. மேல்வீட்டு வாடகை மாதம் 15,000, வேறு வருமானம் இல்லை. ரின் நம்பர் (வரி செலுத்துபவரின் அடையாள இலக்கம்) எடுத்த கடதாசி அலுமாரிக்குள் இருக்கிறது, வங்கிக்குக் கொடுக்கவில்லை. வருடாந்த வருமான வரி விபரத்திரட்டு நிரப்பினால் காசு வரும் என்று ஒரு அண்ணா சொன்னார். பக்கத்து வீட்டு மாமாவோ, "ஒருக்கால் வரிக்காரங்கட கண்ணில பட்டால் பிறகு விடமாட்டாங்கள், பேசாமல் இருங்கோ" என்கிறார். யார் சொல்வது சரி?

சுன்னாகத்துக் கணக்கர்:
தங்கச்சி, அண்ணா சொன்னதுதான் சரி. மாமாவின் பயத்தை இந்த ஊரில் வீட்டுக்கு வீடு கேட்கிறேன். வங்கி வெட்டியது அம்மாவின் கணக்கில் முற்பணமாகப் போய்ச் சேர்ந்த வரி. வருட முடிவில் உண்மையான வரி எவ்வளவு என்று பார்த்து, கூடக் கட்டியிருந்தால் மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

கணக்கைப் பாருங்கோ. வட்டி 3,60,000. வாடகை வருடத்துக்கு 1,80,000, அதில் நாலில் ஒரு பங்கு நிவாரணமாகக் கழியும், மிச்சம் 1,35,000. மொத்தம் ஐந்து இலட்சம்கூட வராது. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையான 2025/26 வரி வருடத்துக்கு தனிநபர் நிவாரணமே, அதாவது வரி இல்லாமல் விடும் வருமானமே, 18 இலட்சம். ஆகவே வரி பூச்சியம், 36,000 முழுவதும் கேட்கலாம். வாடகையைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். சொன்னாலும் அம்மாவுக்கு ஒரு சதம்கூட வரி ஏறாது.

முதலில் வங்கியில் வரி வெட்டியதற்கான சான்றிதழ் எடுங்கோ. கையில் வாங்கியவுடன் பெயரைப் பார்க்க வேண்டும். எங்கள் அம்மாமாரின் வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் முதலெழுத்து இருக்கும், அடையாள அட்டையில் தகப்பன் பெயர் இருக்கும். அங்கேதான் இழுபடும். ரின் இலக்கத்தையும் வங்கிக்குக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கோ. அப்புறம் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவைக்குள் நுழைய PIN எனும் இரகசிய இலக்கம் எடுத்து, விபரத்திரட்டில் வட்டியை வெட்டுமுன் இருந்த முழுத்தொகையாகவே போடுங்கோ. கைக்கு வந்த 3,24,000ஐப் போடுகிறவர்கள்தான் அதிகம். வெட்டிய வரிக்குத் தனி இடம் இருக்கிறது. சொத்து, பொறுப்பு விபரமும் கேட்பார்கள், வீடு, வைப்பு எல்லாம் எழுத வேண்டும். கடைசி நாள் 2026 நவம்பர் 30. காசு உடனே வராது, இடையில் விளக்கம் கேட்டால் சான்றிதழைக் காட்டலாம்.

கொக்குவில் தம்பி:
ஐயா, நான் வைப்புக்காரன் இல்லை, சம்பளக்காரன். மாதம் 2,50,000 சம்பளத்தில் ஆறு மாதம் வேலை செய்துவிட்டு செப்டெம்பரில் விலகி இப்போது படிக்கிறேன். மாதா மாதம் கிட்டத்தட்ட 8,000 வெட்டினார்கள். எனக்கும் இது பொருந்துமா?

சுன்னாகத்துக் கணக்கர்:
நல்லாப் பொருந்தும். மாத வெட்டு, நீங்கள் வருடம் முழுவதும் அதே சம்பளம் எடுப்பீர்கள் என்ற கணக்கில் நடக்கிறது. ஆறு மாதத்துக்கு 15 இலட்சம்தான், 18க்குள் அடங்குகிறது. வேறு வருமானம் இல்லாவிட்டால் அந்த 48,000ஐயும் கேட்கலாம். பழைய வேலையிடத்தில், சம்பளத்தில் வெட்டிய வரியைக் காட்டும் ரி 10 (T10) சான்றிதழ் வாங்குங்கோ. விலகிப் போனவரின் கடதாசி என்றால் இழுத்தடிப்பார்கள், எழுத்தில் கேளுங்கோ.

நல்லூர்ப் பிள்ளை:
மெத்த நன்றி ஐயா. வருகிற வருடமும் இப்படி வெட்டவிட்டுத்தான் அலைய வேண்டுமா?

சுன்னாகத்துக் கணக்கர்:
தேவையில்லை. வருடத்துக்கு 18 இலட்சத்துக்கு மேல் வருமானம் இல்லை என்று ரின் இலக்கத்தோடு வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் வெட்டமாட்டார்கள். வைப்பு இரண்டு வங்கியில் இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். 2026/27 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது, திங்கட்கிழமையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ.