செய்மதியில் செத்த கண்ணாக்காடு

செய்மதிப் படத்தை நம்பி ஏமாந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டால், நான் இருக்கிறேன். அதுவும் சொந்த ஊரிலேயே.

செய்மதிப் படத்தில் மரங்களின் நலம் பார்க்கும் வேலையை நான் பழகியது அமெரிக்காவின் ஆஸ்பென் என்ற இலையுதிர் மரக் காடுகளை வைத்து. இலவசமாகக் கிடைத்த பாடம் அதுதான். 2002 வறட்சிக்குப் பின் கொலராடோவில் ஆஸ்பென் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போனது. 2004 அளவில்தான் அதைக் கவனித்தார்கள். ஒரே வேரில் கிளைத்த ஆஸ்பென் கூட்டம் இலையுதிர்காலத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே மஞ்சளாகும், பக்கத்து ஊசியிலை மரங்கள் பச்சையாகவே நிற்கும். மேலிருந்தே பிரித்துவிடலாம். இவ்வளவுதானா என்று எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அதே தலைக்கனத்தோடு இலங்கையின் திருகோணமலைப் பக்கம் உள்ள உப்பாற்றுக் களப்பின் கண்ணாக்காட்டில் (உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு) கைவைத்தேன். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செய்மதியின் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். நல்ல இலை சிவப்பு ஒளியை விழுங்கும், அண்மை அகச்சிவப்பைத் திருப்பியடிக்கும். இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரச் சுட்டெண், கூடினால் பசுமை, குறைந்தால் வாட்டம். ஆவணிப் படம் ஒன்று, தைப் படம் ஒன்று எடுத்தேன். (மார்கழியில் முகிலைத் தவிர வேறொன்றும் தெரியாது.) கழித்துப் பார்த்தால் ஒரு கரை முழுவதும் சுட்டெண் விழுந்ததைக் காட்டும் சிவப்பு. காடு சாகிறது என்று இரண்டு பேருக்குப் படமும் அனுப்பிவிட்டேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

மறுவாரம் கிண்ணியாவில் நண்டு பிடிக்கும் காக்கா (அண்ணன்) ஒருவர் தோணியில் கூட்டிப்போனார். சிவப்பு என்ற இடத்தில் மரங்கள் தளதளவென்று நின்றன. ஆனால் மூச்சுவேர் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை, அடியெல்லாம் தண்ணீர்.

"தம்பி, இது மகாவலி கங்கை வெள்ளம். இன்னும் வடியவில்லை. மாதக்கணக்கில் நின்றால்தான் மரம் மூச்சுமுட்டிச் சாகும்" என்றார். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும். இலைகளின் இடைவெளியில் தெரிந்த வெள்ளத்தைத்தான் நான் நோய் என்று வாசித்திருக்கிறேன்.

"செத்த மரம்தான் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் வாருங்கள்" என்று தோணியைத் திருப்பினார். என் வரைபடத்தில் அது நல்ல பச்சை. போய்ப் பார்த்தால் மொட்டைத் தடிகள், இடையே ஆளுயரப் பன்னச் செடிகள். மேல்மரம் செத்தால் கீழ்ச்செடி தழைத்துக் கணக்கைக் குழப்பும் என்று ஆஸ்பென் பாடத்திலேயே ஒரு வரி இருந்தது. நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

யாரோ மண் அணை போட்டு நீரோட்டத்தை மறித்த பின்தான் அங்கே மரங்கள் பட்டனவாம். எந்த ஆண்டு என்று காக்காவுக்கு நினைவில்லை, சுனாமிக்குப் பிறகு என்கிறார். அதனால் 2005 முதல் ஆவணிப் படங்களை மட்டும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறேன். லாண்ட்சாட்-7 என்ற பழைய அமெரிக்கச் செய்மதியின் கருவி 2003இல் பழுதானதால் படங்களில் கோடு கோடாக வெற்றிடம். அந்த மொட்டைத் தடிகள் சரியாக ஒரு கோட்டுக்குள் விழுகின்றன. 2009 வரை வந்திருக்கிறேன்.