சேணத்தைக் கழற்றினால் முதுகில் இரண்டு காய்ந்த வட்டங்கள், எங்கே தவறு?

புதுச்சவாரி
வணக்கம். என்னிடம் எட்டு வயதுப் பெட்டைக் குதிரை இருக்கிறது. நான்கு மாதங்களாக ஒரு பழைய வெஸ்டர்ன் சேணம்தான் பூட்டுகிறேன். தோல் நன்றாக இருக்கிறது, உள்ளே ட்ரீயும் (சேணத்தின் எலும்புக்கூடு போன்ற சட்டம்) உடையவில்லை. ஆனால் ஒரு மணி நேரச் சவாரிக்குப் பிறகு கழற்றிப் பார்த்தால் முதுகெல்லாம் வியர்வை, தோள்பட்டைக்குப் பின்னால் மட்டும் இரு பக்கமும் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்த வட்டம். அங்கே சேணம் படவில்லை போலிருக்கிறது என்று சேணத்துக்கு அடியில் இரண்டாவது பேடு (மெத்தை விரிப்பு) போட்டேன். மோசமாகிவிட்டது. இப்போது சேணத்தைத் தூக்கி வந்தாலே காதை மடக்குகிறாள், வயிற்றைச் சுற்றிக் கட்டும் சிஞ்ச் வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருகிறாள், இறக்கத்தில் அடி வைக்கத் தயங்குகிறாள். இன்னும் தடிமனான பேடு வாங்கலாமா?

பழையவார்
வாங்காதீர்கள். போட்டதில் ஒன்றை முதலில் எடுங்கள். கடிக்கிற ஷூவுக்குள் இரண்டாவது சாக்ஸ் போட்டிருக்கிறீர்கள்.

காய்ந்த வட்டம் இரண்டு விதமாக வரும். சேணம் அங்கே படாமல் இருக்கலாம். அல்லது அழுத்தம் அதிகமாகி வியர்வையே வராமல் இருக்கலாம். முடியைப் பாருங்கள். படியாமல் கலைந்திருந்தால் பெரும்பாலும் இடைவெளி. இஸ்திரி போட்டதுபோல் படிந்திருந்தால் அழுத்தம். மறுநாள் அந்த இடத்தில் விரல் நுனிகளால் மெதுவாக அழுத்துங்கள். தோல் துடித்து முதுகைத் தாழ்த்தினால் அங்கே வலி இருக்கிறது.

அடுத்து, பேடு இல்லாமல் சேணத்தை மட்டும் வையுங்கள். கொஞ்சம் முன்னால் வைத்து, முடி படியும் திசையில் பின்னால் நகர்த்துங்கள். ஓரிடத்தில் தானாக உட்காரும், அதற்கு மேல் லேசில் நகராது. அதுதான் அதன் இடம். தோள்பட்டை மறைய முன்னால் தள்ளிப் பூட்டுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. முன்னங்கால் நீளும்போது தோள்பட்டை எலும்பின் மேல் நுனி பின்னால் சுழன்று வரும், ஒவ்வொரு அடியிலும் பாரில், அதாவது முதுகின் இரு பக்கமும் படியும் ட்ரீயின் நீளப் பட்டையில், இடிக்கும். பாரின் முன்நுனி வெளிப்பக்கமாக விரிந்திருப்பதால் அது தோள்பட்டை மேல் வந்தால் பரவாயில்லை. எடை தாங்கும் பகுதிதான் வரக்கூடாது.

கல்லும்மண்ணும்
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இத்தனை கோபத்துக்கும் சேணம்தான் காரணம் என்று முடிவு கட்டவேண்டாம். வயிற்றுப்புண், கால்வலி இருந்தாலும் சிஞ்ச் இறுக்கும்போது கடிக்கும். கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

புதுச்சவாரி
மருத்துவர் பார்த்தார், காலிலும் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. முதுகைத் தொட்டால் மட்டும் துடிக்கிறாள். முடி படிந்துதான் இருக்கிறது. பேடு இல்லாமல் வைத்து நகர்த்தியபோது நான் வழக்கமாகப் பூட்டும் இடத்திலிருந்து மூன்று விரல்கடை பின்னால் போய் நின்றது! ஒரு சந்தேகம்: ஃபுல் க்வார்ட்டர் ஹார்ஸ் பார் (அகலமான முதுகுக்கான அளவு) என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அகலம் போதும்தானே?

பழையவார்
அந்தப் பெயரை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். செமி என்கிற குறுகின அளவு என்றால் கல்லெட் (சேணத்தின் முன்பக்க வளைவின் இடைவெளி) ஆறரை அங்குலம், ஃபுல் என்றால் ஏழு என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவு கிடையாது, ஒவ்வொரு தயாரிப்பாளரும் அளப்பது ஒவ்வொரு விதம். அகலம் சரியாக இருந்து பாரின் சாய்வு முதுகின் சாய்வோடு ஒட்டாமல் போனாலும் இதே வட்டம்தான்.

கையை விட்டே பாருங்கள். சேணம் அதன் இடத்தில் இருக்க, பேடு இல்லாமல், முன்பக்கத்திலிருந்து பாருக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பின்னால் கொண்டுபோங்கள். ஒரே சீரான இறுக்கம் தெரியவேண்டும். முன்னால் நெருக்கி, நடுவில் கை தாராளமாகப் போய், பின்னால் மறுபடி நெருக்கினால் அது பாலம்: இரண்டு முனைகளில் மட்டும் எடை நிற்கிறது. தோள்களுக்கு நடுவே உயர்ந்திருக்கும் விதர்ஸ் மேட்டுக்கும் கல்லெட்டுக்கும் நடுவே, நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும், இரண்டு மூன்று விரல் போகவேண்டும். இதை வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும்.

புதுச்சவாரி
முன்னால் இப்போது நெருக்கம் இல்லை. விரல் மூன்று போகிறது. ஆனால் நடுவில் கை லேசாக விடுபடுகிறது, பின்னால் மறுபடி பிடிக்கிறது.

பழையவார்
அப்படியென்றால் கொஞ்சம் பாலம் இருக்கிறது. நடுவில் மட்டும் மெல்லிய ஷிம் (இடைவெளியை நிரப்பும் துண்டு) வைக்க உறையுள்ள பேடு கிடைக்கும், அதைப் பாருங்கள். நீங்கள் ஏறினால் முதுகு இன்னும் கொஞ்சம் தாழும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் ஷிம் காப்பாற்றாது, வேறு சேணம்தான். துடிப்பு அடங்கும்வரை ஏறவே வேண்டாம், கையில் பிடித்து நடத்துங்கள்.

புதுச்சவாரி
மூன்று வாரம் ஏறவில்லை. நேற்று ஒற்றைப் பேடு, நடுவில் ஷிம், மூன்று விரல்கடை பின்னால் பூட்டி அரை மணி நேரம் போனேன். இறக்கத்தில் நிற்காமல் இறங்கினாள். கழற்றியதும் முதுகு முழுக்க ஒரே ஈரம். இடப்பக்கம் மட்டும் ஐந்தாறு வெள்ளை முடி முளைத்திருக்கிறது.

பழையவார்
அது பழைய அழுத்தத்தின் தழும்பு. பெரும்பாலும் நிறம் திரும்பாது. அந்த வெள்ளை பரவுகிறதா என்று மட்டும் மாதாமாதம் பாருங்கள்.